துணியில் ஒட்டும் முள் உருண்டை: எந்தப் புல்?

ஈரமண்:
மணற்பாங்கான காலி இடத்தில் ஒரு புல் பரவிக்கிடக்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லை. விரல் நீளக் கதிரில் பட்டாணியைவிடச் சிறிய முள் உருண்டைகள், பச்சையாக இருந்து காய்ந்ததும் வைக்கோல் நிறமாகின்றன. துணியில் ஒட்டினால் கையைக் குத்தாமல் எடுக்க முடியாது. நெருஞ்சி என்கிறார்கள், ஆனால் இலையைப் பார்த்தால் புல்தான். என்ன இது? பிடுங்கினால் போதுமா?

களைக்கொத்தி:
நெருஞ்சி புல் வகையே இல்லை. தரையோடு படரும், சிற்றிலைகள் இரண்டு வரிசையாக இருக்கும், பூ மஞ்சள், ஐந்து இதழ். காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். நீங்கள் சொல்வது சென்க்ரஸ் என்ற புல் பேரினம்.

ஓர் உருண்டையை இடுக்கியில் பிடித்து நகவெட்டியால் பிளந்து பாருங்கள். முள் ஓடு விதைத்தோல் அல்ல. கதிரில் விதை பிடிக்காத கிளைகள் முள்ளாகி, கீழ்ப்பகுதியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிண்ணம்போல் ஆனது அது. உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கலாம். இன்னொரு அடையாளம், எனக்கு இதுதான் பிடித்தது: இளஞ்செடியை வேரோடு மெதுவாக எடுத்தால், அடியில் அது முளைத்துவந்த பழைய முள் உருண்டை பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும். இலையும், தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையும் சேரும் இடத்தில் சவ்வுக்குப் பதில் குட்டை மயிர் வரிசை தெரிய வேண்டும்.

புல்நுனி:
பேரினம் சரி. எந்த இனம் என்பதற்கு லென்ஸ் வேண்டும். மிதிபட்டதில் முள் முறிந்திருக்கும், அதனால் கதிரிலிருந்தே பறித்துப் பாருங்கள்.

அடியில் மெல்லிய மயிர்முட்கள் வளையமாகவும் அதற்கு மேலே தட்டையான பெரிய முட்களும் இருந்தால் சென்க்ரஸ் எகினேட்டஸ் என்ற இனம். வளையம் என்று தனியாக இல்லாமல், ஊசிபோல மெலிந்த நீள முட்கள் நெருக்கமாக இருந்தால் லாஞ்சிஸ்பைனஸ். முட்கள் எண்ணிக்கையில் குறைந்து, அடி அகன்று தட்டையாக இருந்தால் ஸ்பினிஃபெக்ஸ். கடைசி இரண்டையும் ஒரே உருண்டையை வைத்துப் பிரிக்காதீர்கள், குறைந்தது பத்து உருண்டைகளைப் பாருங்கள்.

கொழுக்கட்டைப் புல்லும் சென்க்ரஸ்தான் என்று பலருக்கும் தெரியாது. அதில் முள் கிடையாது, மென்மையான மயிர்கள்தான், மாடு விரும்பித் தின்னும். களை என்று நினைத்து அதை அழித்துவிட வேண்டாம். ஊசிப்புல்லும் துணியில் ஏறும், ஆனால் அது ஈட்டிபோல ஒற்றை முனை, பின்னால் முறுக்கிய நீள வால்.

ஈரமண்:
பிளந்தேன், இரண்டு விதை. அடியில் மெல்லிய வளையம் தெளிவாக இருக்கிறது. இப்போது புல்வெட்டியால் வெட்டலாமா?

களைக்கொத்தி:
அப்படியானால் எகினேட்டஸ். வெட்டுவதால் பலன் குறைவு: தாழ வெட்டினால் செடி அடுத்த கதிரைத் தரையோடு சாய்த்து விடும், புல்வெட்டியோ முற்றிய உருண்டையை இடமெல்லாம் இறைக்கும்.

உருண்டை பச்சையாக இருக்கும்போதே, மண் ஈரமாயிருக்கும் நாளில், தடித்த தோல் கையுறையோடு வேரோடு பிடுங்குங்கள். முற்றிவிட்டதென்றால் கதிரை முதலில் பைக்குள் கவிழ்த்து நறுக்கி, பிறகு செடி. தரையில் உதிர்ந்ததற்குப் பழைய கம்பளியோ சாக்கோ தரையில் இழுங்கள், ஒட்டிக்கொண்டு வரும். இதை உரக்குழியில் போடாதீர்கள்.

புல்நுனி:
உருண்டைக்குள் உள்ள விதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. ஒன்று முளைத்த பிறகும் மற்றது உறங்கிக் கிடக்கலாம், அதனால் அடுத்த பருவத்திலும் அந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள். பெண்டிமெத்தலின் போன்ற முளைக்குமுன் களைக்கொல்லி விதை முளைக்கும் முன்பே மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். எழுந்துவிட்ட செடியில் தெளித்தால் காசுதான் வீண்.

முள்ளின் மேல் பின்னோக்கிய நுண்பற்கள் உண்டு. ஆகவே தோலில் ஏறினால் விரலால் தேய்க்காமல், சீப்பையோ இடுக்கியையோ உருண்டைக்கு அடியில் கொடுத்து முள் ஏறிய வழியிலேயே நேராக வெளியே இழுக்கவும். நாயின் விரலிடுக்கையும் பாருங்கள்.