‘ஹான்டட் ஹவுஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குள்ளேயே நடக்கும் பேய்ப் படங்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஹான்டட் ஹவுஸ்’ என்று வரும் இடத்திலெல்லாம் கை நின்றுவிடுகிறது. அதற்கு என்ன சொல் போடலாம் என்று போன வாரம் இந்தக் குழுவில் கேட்டிருந்தேன். வந்த பதில்களை வைத்து யோசித்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

> பேய் வீடு என்று போட்டுவிட்டுப் போங்களேன். எல்லாருக்கும் புரியும்.

புரியும், உண்மைதான். என்ன புரியும் என்பதில்தான் எனக்குச் சிக்கல். தமிழில் ‘பேய்’ ஒரு பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பல நேரம் அது பேயைச் சொல்வதே இல்லை. பேய்மழை, பேய்க்காற்று என்றால் அளவு மீறியது. பேய்ச்சுரை, பேய்ப்புடல் என்றால் கசப்பது, வாயில் வைக்க முடியாதது. ‘வீடு பேய் வீடு மாதிரி கிடக்கு’ என்று சொல்லும்போதும் ஆளில்லாமல் பெரிதாகக் கிடப்பதைத்தான் சொல்கிறோம். இந்தப் படங்களிலோ வீடு நிறைய ஆட்கள். புதிதாகக் குடிவந்த அப்பா, அம்மா, பிள்ளைகள், பிரிக்காத அட்டைப்பெட்டிகள். ஆள் இருக்கிற வீட்டில் வேறொன்றும் இருக்கிறது என்பதுதான் பயமே.

‘பேய் பங்களா’ மீது எனக்குப் பிரியம் உண்டு, மக்கள் நாக்கில் புழங்கிய சொல். ஆனால் அது வீட்டின் அளவையும் வயதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. 1982இல் வந்த ‘போல்டர்கைஸ்ட்’ படத்து வீடு புத்தம் புதியது, வரிசையாகக் கட்டி விற்ற வீடுகளில் ஒன்று. கல்லறைக் கற்களை மட்டும் அகற்றிவிட்டு உடல்களை அப்படியே விட்டுவிட்டு மேலே கட்டியதுதான் அங்கே வினை. 2007இன் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ இன்னும் ஒரு படி இறங்கியது. இயக்குநர் ஒரென் பெலி தான் குடியிருந்த வீட்டிலேயே ஏறத்தாழ 15,000 டாலரில் எடுத்த படம். படுக்கையறையில் அசையாமல் நிற்கிற கேமரா. ஓரத்தில் மணி விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று இயல்பு வேகத்துக்கு வரும். இருவரும் தூங்குகிறார்கள். திறந்திருக்கும் கதவு தானாகக் கொஞ்சம் நகர்ந்து, திரும்பப் பழைய இடத்துக்கு வருகிறது. அவ்வளவுதான். நம் எல்லாருடைய படுக்கையறையும் போலிருக்கும் அந்த அறையைப் பங்களா என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

‘அமானுஷ்ய வீடு’ வேண்டாம். எதற்கும் பொருந்துகிற சொல் இதற்கென்று பொருந்தாது. ‘ஆவி வீடு’ கொஞ்சம் நெருங்குகிறது, ஆனால் ஆவி என்றால் செத்தவருடையது. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யில் இருப்பது எந்தக் காலத்திலும் மனிதனாக இருந்ததில்லை.

‘பேய் பிடித்த வீடு’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். இதில்தான் நான் அதிகம் நின்றேன். நம்மிடம் பேய்க்கு எத்தனை வினைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பேய் பிடிக்கும், ஏறும், இறங்கும், ஆடும், அடிக்கும், அறையும், தொற்றும், அண்டும், உலாவும், குடியிருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேலை. பிடிப்பது ஆளை மட்டும்தான். வீட்டைப் பேய் பிடிக்காது. ஆங்கிலத்தில் வீட்டுக்கும் ஆளுக்கும் ‘ஹான்டட்’ என்ற ஒரே சொல்லைப் போட முடிகிறது. ‘இன்சிடியஸ்’ (2010) படத்தின் திருப்பமே அதில்தான் நிற்கிறது. வீட்டில் ஏதோ இருக்கிறதென்று குடும்பம் வேறு வீட்டுக்கு மாறுகிறது, அங்கேயும் தொடர்கிறது. கோளாறு வீட்டில் இல்லை, மகனிடத்தில். இதைத் தமிழில் எழுதினால் வினையை மாற்றியே ஆக வேண்டும். இது நம் மொழியின் குறை இல்லை. வீட்டில் இருப்பது வேறு, ஆளைப் பிடிப்பது வேறு என்று நம் முன்னோர் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைக் கலைச்சொல் என்ற பெயரில் நாமே அழிக்கக் கூடாது.

அப்புறம் ‘பேய் நடமாட்டம்’. செய்தித்தாள்கள் எழுதுவது இதைத்தான். ‘ஆள் நடமாட்டம்’ என்பதன் மறுபக்கம்போல் அழகாக நிற்கிறது. ஆனால் நடமாட ஓர் உருவம் வேண்டும். ராபர்ட் வைஸின் ‘தி ஹான்டிங்’ (1963) படத்தில் கடைசி வரை பேய் என்று ஒன்றைக் காட்டவே மாட்டார்கள். கனமான மரக் கதவு ஒன்று, வெளியிலிருந்து ஏதோ அழுத்துவதுபோல் உள்பக்கமாகப் புடைத்து, மூச்சு விடுவதுபோல் அடங்கும். அங்கே யார் நடமாடினார்கள்? அந்தப் படத்தில் வீடேதான் கெட்டது.

ஆக நமக்கு வேண்டிய சொல் மூன்று நிலைகளைத் தாங்க வேண்டும். செத்தவர் தங்கிவிட்ட வீடு, மனிதரல்லாத ஒன்று வந்து தங்கிய வீடு, தானே தீதான வீடு.

என் பரிந்துரை ‘அணங்குடை வீடு’.

சங்கப் பாட்டில் அணங்கு என்பது ஓர் இடத்தில் உறையும், நெருங்குபவரை வருத்தும் ஆற்றல். அதற்கு முகம் இருக்க வேண்டியதில்லை. புறநானூற்றில் ‘அணங்குடை முருகன் கோட்டம்’ வருகிறது, ஐங்குறுநூற்றில் ‘அணங்குடைப் பனித்துறை’ வருகிறது. மலைக்கும் துறைக்கும் கோயிலுக்கும் பொருந்திய அடை வீட்டுக்கும் பொருந்தும். புறநானூறு 52ஆம் பாட்டு ‘அணங்குடை நெடுங்கோட்டு’ என்று, அணங்கு உறையும் உயர்ந்த மலையில் தொடங்குகிறது. அதே பாட்டின் பிற்பகுதியில் பாழ்பட்ட ‘பொதியில்’, அதாவது ஊர்ப் பொது மண்டபம் ஒன்று வரும். தூணில் இருந்த கடவுள் தூணைக் கைவிட்டுப் போய்விட்டது, பலியிடுவாரும் இல்லை. நரைத்த முதியவர்கள் சூதாடித் தேய்ந்த குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. தெய்வம் இருக்கும் மலையில் தொடங்கி, தெய்வம் வெளியேறிய மண்டபத்தில் முடிகிறது. இடத்தில் ஒன்று தங்கும், தங்கியது போகவும் போகும் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு பழையது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலும் துணைக்கு இருக்கிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’. அச்சத்துக்குச் சொன்ன நான்கு காரணங்களில் முதலில் நிற்பது அணங்குதான். புலியும் திருடனும் அரசனும் அதற்குப் பின்னால்தான்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்.

* * *

அன்பு நண்பர்களுக்கு, இது இரண்டாவது மடல்.

மூன்று நாளில் வந்த பதில்களையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். ‘அணங்குடை வீடு’ நிற்காது என்று ஒப்புக்கொள்கிறேன். வருத்தத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

இன்று அணங்கு என்ற சொல்லைக் கேட்டால் காதில் விழுவது ‘தமிழணங்கே’ என்ற விளி. இல்லையென்றால் அழகான பெண். இந்த நகர்வு நேற்று நடந்ததும் இல்லை. ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று திருக்குறளிலேயே பெண்ணைப் பார்த்து மயங்குகிறவன் கேட்கிறான். வருத்தும் ஆற்றல் என்ற பொருளை மீட்டெடுக்க ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். திரையின் கீழே வரும் வசன வரிகளில் இந்தச் சொல்லைப் போட்டால் அடிக்குறிப்புக்கு இடமில்லை, வரி இரண்டு நொடியில் மறைந்துவிடும். இதை எடுத்துச் சொன்னவருக்கு நன்றி.

இன்னொரு மடலில் ஒரு அக்கா கேட்ட கேள்விதான் வழி காட்டியது.

> தம்பி, இதை எழுத்தில் தேடாதீங்க. அந்த வீட்டைப் பற்றி உங்க பாட்டி பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால் எப்படிச் சொல்லியிருப்பாங்க?

சரி, எப்படிச் சொல்லியிருப்பார்? ‘அங்கே பேய் குடியிருக்கு’ என்பார். நடமாடுது என்று சொல்ல மாட்டார், பிடிச்சிருக்கு என்றும் சொல்ல மாட்டார். இந்த வினையை என் பட்டியலில் கடைசியில் போட்டுவிட்டு அதன் மேலேயே தாண்டிப் போயிருக்கிறேன்.

குடியிருத்தல் என்ற சொல்லில் உரிமை இருக்கிறது. குடியிருப்பவர் விருந்தாளி இல்லை, வாசலில் வந்து எட்டிப் பார்ப்பவரும் இல்லை. வீட்டுப் பேய்ப் படங்களின் மையமே இந்த உரிமைச் சண்டை. யாருடைய வீடு இது? காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர், முன்பே இருப்பவர் இன்னொருவர். ‘தி அதர்ஸ்’ (2001) இதை அடியோடு புரட்டிப் போட்டது. பிள்ளைகள் மேல் வெளிச்சம் படாமல் கதவு கதவாகப் பூட்டிக்கொண்டு, பேய்க்குப் பயந்துகொண்டிருந்த குடும்பம்தான் அங்கே செத்தவர்கள், அவர்கள் பயந்தது வீட்டுக்குப் புதிதாக வந்த உயிருள்ளவர்களுக்கு. ஆனால் தாங்களே குடியிருப்பவர்கள், மற்றவர்தான் வந்தேறி என்ற அவர்களுடைய எண்ணம் கடைசியில்கூட மாறுவதில்லை.

இதைச் சொல்லாக்கப் பார்த்தேன். ‘பேய்க்குடி வீடு’ சரிவரவில்லை. பேய்மழைபோல் பேய்க்குடி என்றால் மட்டுமீறிய குடிப்பழக்கம் ஆகிவிடும். ‘பேய் குடிகொண்ட வீடு’ நல்ல தமிழ், வாக்கியத்துக்குள் தாராளமாக எழுதலாம். தலைச்சொல்லாக அகராதியில் நிறுத்த நீளம்.

அதனால் குடியிருத்தலின் உடன்பிறப்பான ‘உறை’யை எடுத்தேன்: பேயுறை வீடு.

உறைவிடம் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். உறை என்றால் கடித உறை நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘வீடு’ பக்கத்திலேயே நிற்பதால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். பயத்தில் உறைந்து போவதும் காதில் ஒலிக்குமே என்றால், அது ஒலிக்கட்டும், கெடுதல் இல்லை.

இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. ‘உறை வீடு’ வினைத்தொகை. நன்னூல் வினைத்தொகைக்குச் சொல்லும் இலக்கணம் ‘காலம் கரந்த பெயரெச்சம்’. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய், மூன்றும். பேயுறை வீடு என்றால் பேய் உறைந்த வீடு, உறைகின்ற வீடு, உறையும் வீடு. இந்தப் படங்களின் வீட்டில் காலம் இப்படித்தான் கரந்து கிடக்கிறது. எப்போதோ நடந்த கொலை இன்று இரவும் நடக்கிறது, அடுத்து வரும் குடும்பத்துக்கும் நடக்கும். ஜப்பானின் ‘ஜூ-ஆன்’ (2002) படத்து வீட்டில் கால் வைத்த எவரையும் அந்த வஞ்சம் விடுவதில்லை. யார் எப்போது வந்தார்கள் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆங்கிலச் சொல்லில் இறந்தகால ஒட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நம்முடையதில் மூன்று காலமும் மறைந்து நிற்கிறது. இதைக் கண்ட அன்று இரவு எனக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

‘ஹான்டிங்’ என்ற நிகழ்வுக்குப் பேயுறைவு. தானே தீதான வீட்டுக்கும் இதையே சொல்லலாம். உறைவது எது என்று படம் சொல்லாதபோது பேய் என்ற பொதுச்சொல் நிற்கட்டும். நடமாட்டம் என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம். யாரோ ஒருவர் கண்ணில் ஒரு நிழல் பட்டது என்றால் அது நடமாட்டம். நடமாட்டம் வந்து போவது, உறைவு போகாதது.

இனி ‘தி கான்ஜூரிங்’ (2013) பற்றி ஒருவர் கேட்டதற்கு வருகிறேன். 1971இல் ரோட் ஐலண்டில் ஒரு பண்ணை வீட்டுக்குக் குடிபோகும் குடும்பத்தின் கதை. அதில் பேய் ஆய்வாளராக வருபவர் மூன்று படிகளைச் சொல்வார்: இன்ஃபெஸ்டேஷன், அப்ரெஷன், பொசெஷன். முதலில் வீட்டில் ஓசைகளும் காலடிகளும். பிறகு ஓர் ஆளைக் குறிவைத்து நொறுக்குவது. கடைசியில் உடலையே எடுத்துக்கொள்வது. படமும் அதே வரிசையில்தான் நகர்கிறது. கண்ணாமூச்சிபோல் ஒரு விளையாட்டு வரும், கண்ணைக் கட்டியவர் கேட்டால் ஒளிந்தவர் கைதட்ட வேண்டும். அலமாரியின் துணிகளுக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்து தட்டும்போது அது இன்னும் வீட்டுச் சங்கதிதான். தாய் உருமாறும் கட்டத்தில் வீட்டை விட்டு ஆளுக்கு வந்துவிடுகிறது.

இந்த மூன்றுக்கும் நான் வைப்பது: அண்டல், அணங்கல், பிடித்தல். ‘பேய் பிசாசு அண்டாது’ என்று தினமும் பேசுகிறோம், அதனால் அண்டலுக்கு விளக்கமே தேவையில்லை. பிடித்தல் இருந்தபடியே இருக்கட்டும், ‘பேயாட்கொள்ளல்’ என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. ஆட்கொள்வது அருள்செய்யும் இறைவனின் வேலை. நடுவில் அணங்கல். அணங்குதல் என்றால் வருத்துதல். பெயராகப் பார்த்தபோது அழகியாகத் தோன்றிய சொல் வினையாகும்போது அந்த நினைப்பைத் தருவதில்லை. வீட்டுக்குப் பெயராக நிற்காவிட்டாலும் இந்த இடத்தில் அது நிற்கும் என்று நம்புகிறேன்.

‘ஜம்ப் ஸ்கேர்’ தனி இழையில் பேசலாம். தூக்கிவாரிப் போடுவது என்று நாம் சொல்வதும் அதுவும் ஒன்றே, ‘திடுக்காட்சி’ போதும் என்பது என் எண்ணம்.

‘இன்சிடியஸ்’ இடத்தில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘இது பேயுறை வீடு இல்லை. பேய் பிடித்திருப்பது உங்கள் பிள்ளையை.’ வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும், அதுவரை மாற்ற இடமிருக்கிறது.

அன்புடன்.