உயரத் தரவிலிருந்து பெற்ற ஓடைகளின் இடத்துல்லியம்: வைகை வடிநிலம்

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து அளக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். (ராடார் உயர அளவீடு) தரவில், அதாவது 30 மீட்டர் கட்டங்களாக உயரம் தரும் தரவில், பள்ளங்களை நிரப்பி, டி8 முறையில் (ஒவ்வொரு கட்டத்தின் நீரும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் மிகச் சரிவான ஒன்றுக்குப் போவதாகக் கொண்டு) நீரோட்டத் திசை கண்டு, வைகை வடிநிலத்தின் ஓடை வலையமைப்பை உருவாக்கியிருக்கிறேன். 1:50,000 டோபோஷீட்டிலிருந்து (நிலவரைபடத் தாளிலிருந்து) எண்மமாக்கிய ஓடைகளோடு ஒப்பிட்டால் வருசநாட்டு மலைப்பகுதியில் கோடுகள் நன்றாகப் பொருந்துகின்றன. மானாமதுரைக்குக் கீழே பல நூறு மீட்டர் விலகுகின்றன. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து மிக அருகிலுள்ள டோபோஷீட் ஓடை வரை அளந்து சராசரி எடுத்தேன். ஆய்வேட்டில் அந்த ஒற்றை எண்ணைத் தந்தால் போதுமா?

நிலஅளவை

போதாது. முதலில் உங்கள் டோபோஷீட் பழைய எவரெஸ்ட் டேட்டத்தில் (இட ஆயங்களை அளப்பதற்கான அடிப்படைச் சட்டகத்தில்) உள்ளதா என்று பாருங்கள். அதை ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டேட்டமான டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு முறையாக மாற்றாமல் ஒப்பிட்டால், தென் தமிழகத்தில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட விலகல் ஒரே திசையில் வரும்; அது உயரத் தரவின் பிழையே அல்ல. மலைப்பகுதி பொருந்துவதால் நீங்கள் மாற்றியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன், ஆனாலும் விலகலின் திசையையும் ஒரு முறை வரைந்து பார்த்துவிடுவது நல்லது. மேலும், 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர் ஆகையால், ஒரு கட்ட அளவுக்குக் குறைந்த விலகலைப் பற்றி இந்த ஒப்பீட்டைக் கொண்டு எதுவும் சொல்ல இயலாது.

அருகிலுள்ள கோட்டுக்கான தூரம் ஏமாற்றக்கூடியது, ஏனெனில் இடம் மாறிய ஓடை வேறொரு ஓடையின் பக்கத்தில் விழுந்துவிட்டால் பிழை சிறியதாகத் தெரியும். குட்சைல்டும் ஹன்டரும் 1997இல் முன்வைத்த பஃபர் (கோட்டின் இருபுறமும் குறித்த தூரம் வரையுள்ள பட்டை) முறையை நான் பரிந்துரைப்பேன்: வரைபட ஓடையைச் சுற்றிப் பஃபரை 30, 60, 90 மீட்டர் என்று அகலப்படுத்திக்கொண்டே போய், உங்கள் ஓடை நீளத்தில் எத்தனை சதவீதம் அதற்குள் அடங்குகிறது என்று கணக்கிட்டு, 95 சதவீதம் அடங்கும் அகலத்தைக் குறியுங்கள். பிறகு உங்கள் ஓடையைச் சுற்றிப் பஃபர் வைத்து அதையே தலைகீழாகவும் செய்தால், விடுபட்ட ஓடைகளும் தெரியவரும்.

கண்மாய்

சமவெளியில் ஏற்படும் பிழை வேறு வகையானது என்பதால், மலையையும் சமவெளியையும் சேர்த்து எடுத்த சராசரி இரண்டில் எதற்கும் பொருந்தாது. சரிவு வாரியாகப் பிரித்தே தர வேண்டும். கீழ் வைகையில் நிலத்தின் சரிவு உயரத் தரவின் பிழையைவிடக் குறைவு. அங்கே கண்மாய்க்குக் கண்மாய் தொடர்ச்சியாக இருப்பதைக் கணினி பள்ளம் என்று கருதி நிரப்புகிறது. கரையில் தாழ்வாகத் தெரியும் ஏதோ ஒரு கட்டத்தின் வழியே நீரை வெளியேற்றுகிறதே தவிர, கலுங்கு (கண்மாயின் உபரிநீர் வழியும் அமைப்பு) இருக்கும் இடம் அதற்குத் தெரியாது. நிரம்பிய தட்டையான பரப்பில் வரும் நேர்க்கோட்டு ஓடைகளுக்கும் தரையில் இருப்பதற்கும் தொடர்பே இராது. ராடார் அளவீடு தரையை மட்டுமன்றி மரமுடியையும் சேர்த்தே பதிவதால், சீமைக்கருவேலம் அடர்ந்த படுகை மேடாகத் தெரியவும் வாய்ப்புண்டு. டி8 முறையில் ஒரு கட்டத்தின் நீர் ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் போகும் என்பதால், ஆற்றிலிருந்து பிரியும் வரத்துக்கால்கள் வரவே வராது; அவற்றை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதை எழுதிவிடுங்கள்.

வைகைக்கரை

மிக்க நன்றி. டேட்டம் மாற்றம் செய்திருக்கிறேன். சமவெளியைச் சரிசெய்ய, டோபோஷீட் ஓடைகளை உயரத் தரவில் பதித்து அவ்விடத்தைத் தாழ்த்திவிட்டு மறுபடி ஓடை எடுக்கலாமா?

நிலஅளவை

நீரியல் மாதிரிக்காகத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் பதித்த ஓடையைக் கொண்டே துல்லியத்தை அளந்தால், நீங்கள் எழுதிக் கொடுத்த விடையை நீங்களே திருத்துவதாகிவிடும். பதிக்காத வலையமைப்புக்கு ஒரு மதிப்பீடும், பதித்ததற்கு டோபோஷீட் அல்லாத வேறொரு மூலத்தைக் கொண்டு, எடுத்துக்காட்டாகத் தெளிவான செயற்கைக்கோள் படத்தில் நீங்களே வரைந்த சில ஆற்றுப் பகுதிகளைக் கொண்டு, இன்னொரு மதிப்பீடும் செய்யுங்கள். 30 மீட்டருக்கு ஒன்றாக வைத்த புள்ளிகளும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. ஒரு வளைவில் தவறிய ஓடை அடுத்த பல புள்ளிகளிலும் தவறித்தான் இருக்கும். ஆகவே நம்பிக்கை இடைவெளியை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பை) புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடாமல், இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட ஓடைத்துண்டை ஓர் அலகாக வைத்துக் கணக்கிடுங்கள்.