புதுப்பிப்பு: கடலடி இரும்புக் குண்டில் உப்பு வெளியேறிவிட்டதா?

கடலிலிருந்து எடுத்த வார்ப்பிரும்புப் பீரங்கிக் குண்டைக் காயவிடாமல், உள்ளே ஏறிய உப்பு வெளியேறுவதற்காக, 2% சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடா என்ற காரம்) கரைசலில் (லிட்டருக்கு 20 கிராம்) ஊறவைக்கச் சொல்லியிருந்தேன். எப்போது நிறுத்துவது என்பதை எழுத விட்டுவிட்டேன். பலர் கேட்டதும் அதைத்தான்.

நாள் கணக்கு உதவாது, உப்பிலிருந்து கரைசலுக்கு வந்து சேரும் குளோரைடின் அளவுதான் பதில். வாரம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். ஏறிவந்த அளவு ஒரே இடத்தில் நின்றுவிட்டால் கரைசலை மாற்றுங்கள். புதுக் கரைசலிலும் 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழேயே நின்றால்தான் நிறுத்தலாம். குண்டுக்கு மாதங்கள் ஆகும். பீரங்கி என்றால் வருடங்கள்.

குளோரைடைக் கண்டறிய சில்வர் நைட்ரேட் சொட்டுச் சோதனை செய்பவர்கள், எடுத்த கரைசல் மாதிரியில் முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காரத்தோடு சேர்ந்து பழுப்பு வீழ்படிவு வந்து குழப்பும். பால்போல வெள்ளையாகக் கலங்கினால்தான் குளோரைடு.

தொட்டி தடித்த பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். அலுமினியமும் துத்தநாகம் பூசிய வாளியும் வேண்டவே வேண்டாம். காரம் அவற்றை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும்.

அவசரப்பட்டு உலர்த்திய குண்டில் ஆரஞ்சு நிறத் துளிகள் கசியும், பிறகு மேலோடு வெங்காயத் தோல்போல உரியும். குண்டின் அசல் மேற்பரப்பு இருப்பது அந்தத் தோலில்தான். உரிந்தால் போனது போனதுதான்.