புதுப்பிப்பு: ஆழமான காயத்துக்குள் காஸ் (மருந்துக்கட்டுத் துணி) வைப்பது

ஆழமான காயத்துக்குள் காஸை எவ்வளவு இறுக்கமாக வைக்க வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பயிற்சிப் பொம்மையில் நான் திணித்ததை எல்லாம் ஆசிரியை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது புரிந்துவிட்டது. ரத்தப்போக்கை நிறுத்தத்தான் இறுக்கி அடைக்க வேண்டும். முதலுதவி வகுப்பில் படித்த அதை இங்கே கொண்டுவந்ததுதான் என் தவறு. ஆறிவரும் காயத்தில் காஸ் அடிவரை தொட வேண்டும், ஆனால் தளர்வாக. இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து புதுத் திசு வளராது. வெற்றிடம் விட்டால் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும்.

சலைனில் (மருத்துவ உப்புநீரில்) நனைத்து நன்றாகப் பிழிந்த ஒரே நீளத் துண்டு நல்லது. சுற்றியுள்ள தோலில் ஈரம் பட்டால் ஊறிவிடும். நுனியை வெளியே தெரியும்படி விட வேண்டும். ஒன்றுக்கு மேல் வைத்தால் எண்ணிக்கையைக் கட்டாயம் எழுத வேண்டும்; உள்ளே மறந்துபோன ஒரு துண்டே தொற்றுக்குப் போதும்.

நேற்று மேற்பார்வையோடு முதல்முறை நோயாளிக்குச் செய்தேன். வலி மாத்திரையை முன்கூட்டியே கொடுத்திருந்தோம். ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.