வாளுறையின் பாகங்கள்: கூடு, பூண், குப்பி

வணக்கம்.

வீட்டில் வாளுறை செய்வது பற்றிய கட்டுரைக்கு நம் குழுவினர் பரிந்துரைத்த சொற்களில் 'உறை'யை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். பதிற்றுப்பத்திலேயே 'புலியுறை கழித்த' என்று வருவதால், வாளை உருவுவதை 'உறை கழித்தல்' என்றே எழுதலாம். சிக்கல் பாகங்களில்தான்.

உள்ளே இருக்கும் மரப்பகுதிக்கு 'உறைக்கரு' என்றார் குழுவில் ஓர் ஐயா. எனக்கு மனம் ஒப்பவில்லை. கரு என்றால் நடுவில் திரண்டு இருப்பது. இங்கே நடுவில் இருப்பது வெற்றிடம். இரண்டு மெல்லிய பலகைகளில் வாளை வைத்துக் கோடு வரைகிறோம். அலகின் பாதிக் கனம் ஒன்றிலும் மறுபாதி மற்றதிலும் இறங்கும்படி உளியால் குடைகிறோம். அப்புறம் இரண்டையும் ஒட்டி, வெளிப்பக்கத்தை இழைக்கிறோம். கிடைப்பது கூடு. மூக்குக்கண்ணாடிக் கூடு என்கிறோமே, அதே சொல்தான். 'மரக்கூடு' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூடுதான் அலகைக் காக்கிறது. மரப்பட்டையில் பதனிட்ட தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கும். ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும். அதனால் தோல் வெளியே, மரம் உள்ளே. ஓக் மரத்திலும் டானின் உண்டு என்பதால் பாப்லர் போன்ற மென்மையான மரம் நல்லது. பழைய இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் மக்களுடைய உறைகளில் மரத்துக்கும் உள்ளே ஆட்டுத்தோலை, ரோமம் அலகில் படும்படி வைத்தார்கள். ரோமத்தின் எண்ணெய்ப்பசை துருவைத் தடுக்கும், அலகும் ஆடாது. இதற்கு 'உள்தோல்', வெளியே போர்த்தித் தைப்பதற்கு 'மேல்தோல்' என்று எழுதியிருக்கிறேன். ஜப்பானியர் கூட்டைச் சோற்றுப்பசையால் ஒட்டுவார்கள், உள்ளே அழுக்கு சேர்ந்தால் பிளந்து துடைத்து மறுபடி ஒட்டுவதற்காக. இந்த ஒரு செய்திக்காகவாவது கட்டுரையில் ஜப்பானிய உறைக்கு ஒரு பத்தி வேண்டும்.

அடுத்தது உலோகப் பகுதிகள். வாள் நுழையும் இடம் 'உறைவாய்', சரி. அந்த வாயைச் சுற்றி இறுக்கும் தகட்டுக்கு 'வாய்க்கவசம்', நுனியில் மாட்டுவதற்கு 'முனைக்கவசம்' என்று ஒரு பரிந்துரை வந்தது. கவசம் பெரிய சொல், வேலையைச் சொல்லவில்லை. உலக்கை பிளக்காமலிருக்க அடிக்கும் இரும்பு வளையத்துக்குப் பூண் என்று பெயர். உறைவாயிலும் அதே வேலைதான்: ஒட்டிய இரண்டு பலகைகளும் அந்த இடத்தில் விரியாமல் பிடிப்பது. ஆகவே 'வாய்ப்பூண்'.

நுனிக்கும் 'முனைப்பூண்' என்று எழுதலாமே என்று குழுவில் ஓர் அம்மா கேட்டிருந்தார். பூண் இரண்டு பக்கமும் திறந்தது. நுனியில் வருவது ஒரு பக்கம் மூடியது. வாள்முனை உறையைத் துளைத்து வெளியே வராமல், உறை தரையில் இடித்தாலும் மரம் சிதையாமல் காப்பது. மாட்டுக் கொம்பின் நுனியில் பித்தளைக் குப்பி மாட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். வடிவமும் பொருத்தும் விதமும் அப்படியே இது. குப்பி என்றதும் மருந்துக் குப்பி நினைவுக்கு வரும் என்றால் 'உறைக்குப்பி' என்று சேர்த்தே எழுதுவோம்.

மிச்சம் ஒன்று. உறையை இடுப்பு வாரோடு இணைக்கும் தோல்பட்டைக்கு இப்போதைக்குத் 'தொங்குவார்' என்று போட்டிருக்கிறேன். தோல் வேலை செய்பவர்களிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் புழங்கினால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன்.