பெஜோ எஞ்சின் பிக்கப்: இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது, டீசல் பம்பைப் பிரிக்கலாமா?

மஞ்சக்குப்பம் பிக்கப்:
வணக்கம். அப்பா ஓட்டிய மஹிந்திரா பிக்கப்பை நானும் மகளும் ஒன்றரை வருடமாகச் சரிசெய்துவருகிறோம். நாலு சிலிண்டர், 2112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சின். ஆர்.சி. புத்தகத்தில் மாவட்டம் இன்னும் தென்னாற்காடுதான். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிவந்த வண்டி இது. 2011 டிசம்பர் 30, தானே புயலில் எங்கள் முந்திரியும் பலாவும் மொத்தமாகச் சாய்ந்தன. அன்றோடு அப்பா வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டார். 2015 வெள்ளத்தில் பாதிச் சக்கரம் மூழ்கக் கிடந்தது.

டிங்கரிங் முடிந்தது, பிரேக் முழுக்கப் புதிது. வயரிங் மகளின் வேலை. பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒவ்வொரு வயரிலும் சீட்டு ஒட்டி, எது எங்கே போகிறது என்று நோட்டில் வரைந்துகொண்டுதான் பழையதைக் கழற்றினாள்.

பிரச்சினை இதுதான். எஞ்சின் நன்றாகப் பிடிக்கிறது, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும்வரை இழுவையில் குறையில்லை. ரெட்டிச்சாவடி நெருங்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் ஏறாமல், திக்கித் திக்கி அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. உடனே செல்ஃப் அடித்தால் பிடிக்காது. கால் மணி நேரம் ஓரமாக நின்றால் ஒரே செல்ஃபில் பிடித்து, இன்னும் ஏழெட்டு நிமிடம் ஓடும். நாலு தடவையும் இதே கதை. சூடு முள் நடுவில்தான் நிற்கிறது. கரும்புகை இல்லை. ஃபில்டர் புதிது. பழைய டீசலை அடிப் போல்ட் வழியாக வடித்துவிட்டுப் புதிது ஊற்றினோம், டேங்கை இறக்கவில்லை.

ஒரு பட்டறையில், எஞ்சினுக்கு டீசலை அழுத்தித் தருகிற பம்ப் போய்விட்டது, கழற்ற வேண்டும் என்கிறார்கள். மகள் ஒப்பவில்லை. "கெட்டுப்போன பம்ப் கால் மணி நேரத்தில் எப்படிப்பா தானாகச் சரியாகும்?" என்று கேட்கிறாள். பணம் ஒரு பக்கம். நல்ல பம்பைப் பிரித்துக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் எனக்கு அதிகம். என்ன செய்யலாம்?

அரியாங்குப்பம் ஜீப்:
அண்ணே, எஞ்சினை அணைக்க இழுக்கிற ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். உள்ளே துருப்பிடித்துப் பாதியில் சிக்கினாலும் எஞ்சின் நிற்கும். ஹீட்டர் பிளக்கையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

பாகூர் டீசல்:
ஹீட்டர் பிளக் காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பத்தான். ஓடுகிற எஞ்சின் நிற்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்டாப் கேபிள் சிக்கியிருந்தால் கால் மணி நேரம் காத்திருந்தால் மட்டும் விடாது.

பாப்பா கேட்டது நல்ல கேள்வி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தேய்ந்த பம்பும் சூட்டில் தகராறு செய்யும். சூடேறிய டீசல் நீர்த்துப்போய் உள்ளேயே கசியும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலுக்குப் போகிற அழுத்தம் வராது, ஆறினால் மறுபடி பிடிக்கும். அதனால் பட்டறையில் சொன்னதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

அடுத்த தடவை நின்றதும் செல்ஃப் அடிக்காதீர்கள். முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதை வையுங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. சத்தம் இல்லையென்றால் ஃபில்டர் மேலுள்ள கை பம்பை அழுத்துங்கள். அழுத்திய குமிழ் மேலே வராமல் அடியிலேயே நின்றால், டேங்க்கிலிருந்து டீசல் வருகிற வழி அடைத்திருக்கிறது. நன்றாக எழும்பி வந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால், ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டு ஆறவிடுங்கள். உடனே பிடித்தால் சந்தேகம் பம்ப் மேல்தான். பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், சூடான பம்ப் இறுகிவிடும்.

மஞ்சக்குப்பம் பிக்கப்:
இன்று பார்த்தோம். மூடியில் சத்தம் இல்லை. கை பம்பை மகள்தான் அழுத்தினாள். கீழே போன குமிழ் அங்கேயே நின்றுவிட்டது. அவள் விரலை எடுத்துவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பதினோரு நிமிடம் கழித்து மெல்ல மேலே வந்தது. செல்ஃப் அடித்தேன், பிடித்தது.

பாகூர் டீசல்:
அப்படியானால் பம்பை விடுங்கள். உறுதி செய்ய ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, பின்னால் அசையாமல் கட்டி, டேங்க் லைனுக்குப் பதில் அதிலிருந்து குழாய் கொடுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் போதும், காற்றுக்குமிழ் வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். சைலன்சர் பக்கம் டியூப் போகக் கூடாது. மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்புகிற ரிட்டர்ன் பைப்பையும் கேனுக்கே திருப்புங்கள். மறந்தால் கேன் டீசல் எல்லாம் டேங்க்குக்குப் போய்விடும், நடுவழியில் நின்றுவிட்டு மறுபடி பம்பைத் திட்டுவீர்கள்.

மஞ்சக்குப்பம் பிக்கப்:
கேனில் கிருமாம்பாக்கம் போய்த் திரும்பினோம். ஒரு தடவைகூடத் திக்கவில்லை. டியூபில் ஒரு குமிழ் இல்லை.

சாயங்காலமே டேங்கை இறக்கிவிட்டோம். டீசல் உறிஞ்சும் குழாயின் நுனியில் பித்தளைச் சல்லடை ஒன்று இருக்கிறது. அது சல்லடை என்றே தெரியவில்லை, கறுப்புப் பிசின் பூசி உருண்டையாக இருந்தது. மகள் டார்ச் அடித்துப் பார்த்தாள். அடியில் காய்ந்த குளத்து மண் மாதிரி துருப் பொருக்கு. வண்டி ஓடும்போது அது சல்லடையில் போய் ஒட்டிக்கொள்கிறது, நின்றதும் மெல்ல உதிர்ந்து விழுகிறது. கால் மணி நேரக் கணக்கு அதுதான். சல்லடையை அவள் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தாள்.

டேங்கை எப்படிக் கழுவுவது? வெல்டிங்காரர் அடியை வெட்டித் திறந்து புதுத் தகடு வைத்துத் தருகிறேன் என்கிறார்.

பாகூர் டீசல்:
வேண்டவே வேண்டாம். காலி டேங்க்கில் டீசல் ஆவி நிற்கும், நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி, அடியில் தண்ணீர் தங்கியிருக்கும். டீசலும் தண்ணீரும் சேருகிற இடத்தில் கிருமி வளரும், அந்தக் கறுப்புப் பிசின் அதுதான். முதலில் சோப்புத் தண்ணீரால் பிசினைப் போக்குங்கள். அப்புறம் நாலு கைப்பிடி கூழாங்கல்லும் கொஞ்சம் டீசலும் போட்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்குங்கள். கல்லை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். மிஞ்சும் துருவுக்கு சிட்ரிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் சோடா உப்புத் தண்ணீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அன்றே உள்ளே டீசல் பூசிவிடுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் ஒரு நாள் விட்டால் திரும்பத் துரு பிடிக்கும்.

அரியாங்குப்பம் ஜீப்:
மாட்டும்போது, டீசல் குழாயை இணைக்கிற ஓட்டை போல்ட் (பேஞ்சோ போல்ட்) இருக்கிறதே, அதற்குப் புதுச் செப்பு வாஷர் போடுங்கள் அண்ணே. கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், காற்று இழுக்காது. அந்த வேலையை டேங்க் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மஞ்சக்குப்பம் பிக்கப்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். அறுபது கல் போட்டோம், ஐம்பத்தொன்பது வந்தது. கடைசிக் கல்லுக்காக முக்கால் மணி நேரம் டேங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். டேங்க்குக்குள் இருக்கிற தடுப்புத் தகட்டின் மூலையில் மாட்டியிருந்தது, கம்பியை வளைத்து மகள் எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி போய்வந்தோம், டேங்க் டீசலில்தான். எங்கும் நிற்கவில்லை. மண்டியில் இரண்டு பலாப்பழம் வாங்கிப் பின்னால் வைத்தோம். அப்பா வழக்கமாக நிறுத்துகிற புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன். பாகூர் அண்ணே, ஒரு பழம் உங்களுக்கு. எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று சொல்லுங்கள்.