சாயக் கழிவுநீரை வெயிலால் தூய்மையாக்கும் நனோத் தூள் சிறு நெசவு நிலையத்துக்குச் சரிவருமா?

கேள்வி: நெசவாளர், ஒட்டுசுட்டான்

வணக்கம். பெண்கள் சிலர் சேர்ந்து சிறிய கைத்தறி நிலையம் ஒன்றை நடத்திவருகிறோம். பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயத்தை உப்பும் சோடாவும் சேர்த்து நாங்களே இடுகிறோம். எஞ்சும் நீர் வளவின் பின்புறத்திலுள்ள மண் கிடங்குக்குப் போகிறது. கிணறு அருகில் இருப்பதாலும், மாரியில் கிடங்கு நிரம்பி வயல் வாய்க்காலுக்கு வழிவதாலும் எனக்குப் பெரும் கவலையாக உள்ளது. தைத்தேனியம் ஈரொட்சைட்டு நனோத் தூள் வெயிலில் சாயத்தைச் சிதைக்கும் என்று மகள் படித்திருக்கிறாள். அதை வாங்கிக் கிடங்கில் கலந்தால் போதுமா?

பதில் 1: இரசாயனவியல் ஆசிரியர், கிளிநொச்சி

வணக்கம் அக்கா. மகள் படித்தது உண்மை, ஆனால் கிடங்கில் கலக்க வேண்டாம். அத்தூளில் ஒளி படும்போது இலத்திரன்கள் கிளர்ந்து, நீரிலிருந்தும் ஒட்சிசனிலிருந்தும் ஐதரொட்சில் மூலிகம் போன்ற வீரியமான துணிக்கைகளை உருவாக்குகின்றன. அவையே சாய மூலக்கூறை உடைக்கின்றன. இதற்கு ஏறத்தாழ 388 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கழியூதா ஒளி தேவை. நிலத்தை அடையும் சூரிய ஒளியில் அது ஏறக்குறைய 5 சதவீதந்தான் என்பதால், வன்னி வெயில் எவ்வளவு கடுமையானாலும் அதில் பெரும்பகுதி இத்தூளுக்குப் பயன்படாது. கடும் நிறமுள்ள நீரில் அந்தச் சிறு பங்கையும் மேற்பரப்பிலுள்ள சாயமே உறிஞ்சிவிடும்.

உங்கள் நீரின் காரத்தன்மையும் ஒரு தடை. ரியாக்டிவ் சாயங்கள் எதிரேற்றம் (மறை மின்னேற்றம்) கொண்டவை. கார நீரில் தூளின் மேற்பரப்பும் எதிரேற்றம் பெறுவதால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சோடாவின் காபனேற்றும் உப்பின் குளோரைட்டும் மூலிகங்களை வழியிலேயே தின்றுவிடும். கலந்த தூளை மீட்பதோ மிகக் கடினம்; அது மண்ணில் தங்கும்.

பதில் 2: சுற்றாடல் பொறியியல் படித்தவர், வவுனியா

ஆசிரியர் சொன்னதுடன் முழுமையாக உடன்படுகிறேன். இம்முறை கடைசிப் படிக்கே உரியது: காரத்தைச் சமப்படுத்திய, நிறம் மங்கலான அலசல் நீரை, ஊக்கி (தாக்கத்தை விரைவுபடுத்தும் அத்தூள்) ஒட்டப்பட்ட கண்ணாடித் தட்டின்மேல் மெல்லிய படலமாக ஓடவிட வேண்டும். இதேபோல் ஒளியில் வேலை செய்யும் இன்னொரு ஊக்கியான நாக ஒட்சைட்டு அமிலத்திலும் கடுங்காரத்திலும் கரைந்துவிடும் என்பதால் உங்கள் நீருக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

நிறம் போனால் நீர் தூய்மையாகிவிட்டது என்று கொள்ளக் கூடாது. நிறத்தைத் தரும் பிணைப்பு முதலில் உடைகிறது. அசோ வகைச் சாயங்களின் (இரு நைதரசன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்தவை) மீதித் துண்டுகளில் தீங்கான அமீன்களும் இருக்கலாம். எனவே இரசாயன ஒட்சிசன் தேவையையும், அதாவது நீரில் எஞ்சிய சேதனப் பொருட்களை ஒட்சியேற்றத் தேவைப்படும் ஒட்சிசனின் அளவையும், அளந்து பார்க்க வேண்டும். உப்பை இம்முறை தொடவே தொடாது. ஆகையால், அக்கா, எந்தத் தூளுக்கும் முன்னதாகக் கிடங்குக்குச் சீமெந்துத் தரை அமைத்து, மழைநீர் புகாதபடி கூரையிடுங்கள். கடைசி அலசல் நீரை அடுத்த தொகுதியின் முதல் அலசலுக்கு எடுத்தால் கழிவின் அளவும் குறையும்.

பதில் 3: வாசகர், முல்லைத்தீவு

கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டையில் இல்மனைற்று மணல் குவிந்து கிடக்கிறதே, அதை நேரே பயன்படுத்த முடியாதா?

பதில் 4: இரசாயனவியல் ஆசிரியர், கிளிநொச்சி

இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதிலிருந்து ஈரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் வேலை பெரும் அமிலக் கழிவைத் தரக்கூடியது என்பதால் வீட்டளவில் சாத்தியமில்லை.

அக்கா, மகளுக்கு விருப்பமானால் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் சோதித்துப் பார்க்கட்டும். பெரும்பாலான பரிசோதனைகளில் எடுக்கப்படும் மெதிலீன் நீலம் என்ற சாயத்தை விட்டு, உங்கள் சொந்த அலசல் நீரையே எடுங்கள். தூளுடன் வெயிலில் ஒன்று, தூளுடன் இருட்டில் ஒன்று, தூளின்றி வெயிலில் ஒன்று என மூன்று கண்ணாடிக் குவளைகள் வையுங்கள். சாயம் தூளில் ஒட்டியும் மறையலாம், வெயிலில் தானாகவும் மங்கலாம். மூன்றையும் ஒப்பிட்டால்தான் ஊக்கி எவ்வளவு வேலை செய்தது என்பது தெரியவரும்.